வயலில் ஒரு மண்வட்டம்: அயர்லாந்தின் தொல்லியல் சின்னங்களுக்குச் சட்டம் தரும் காவல்

அயர்லாந்தின் மேய்ச்சல் நிலங்களில் வட்டமாக எழும்பி நிற்கும் மண்கரையையும், அதன் வெளிப்புறத்தில் பாதி தூர்ந்துபோன அகழியையும், கரைமேல் வளர்ந்த முள்மரங்களையும் இன்றும் காணலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னே உழவர் குடும்பங்கள் உள்ளே வீடு கட்டி வாழ்ந்த இவ்விடங்களை அந்நாட்டினர் 'ராத்' என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத மாய இனத்தவர் அங்கே குடியிருப்பதாக நம்பிய ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாக அதில் ஏர் பூட்ட அஞ்சினார்கள். அந்த அச்சம் செய்த காவலுக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். இயந்திரங்கள் வந்து அச்சம் தேய்ந்த காலத்தில் அந்தக் காவலைச் சட்டமே ஏற்க வேண்டியதாயிற்று.

அடிப்படைச் சட்டம் 1930ஆம் ஆண்டின் தேசிய நினைவுச்சின்னங்கள் சட்டம். அதற்கு 1994இல் வந்த திருத்தமே 'சின்னங்கள், இடங்களின் பதிவேடு' என்பதை உருவாக்கியது. மாவட்டவாரியாக ஒரு பட்டியலும் வரைபடங்களும் அடங்கிய இப்பதிவேட்டில் கல்லறைகள், கோட்டைகள், பாழடைந்த தேவாலயங்கள் என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன.

பதிவேட்டில் ஓர் இடம் ஏறிவிட்டால் நிலம் பறிபோய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. உரிமை நிலக்காரரிடமே இருக்கும், பொதுமக்கள் உள்ளே நுழையும் உரிமையும் அதனால் உண்டாகாது. ஆனால் அங்கே தோண்டவோ, கட்டவோ, சமன்படுத்தவோ நினைப்பவர் இரண்டு மாதங்களுக்கு முன்பே பொறுப்பு அமைச்சருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்; அவர் இசைவு தந்தாலன்றி அந்த இரண்டு மாதங்கள் கழியும்வரை மண்வெட்டி இறங்கக் கூடாது. அரசுக்கு உரிமையான தேசியச் சின்னங்களுக்கு இதைவிடக் கடுமையான காவல் உண்டு. அங்கே அறிவிப்பு போதாது, அமைச்சரின் ஒப்புதலே வேண்டும்.

மண்ணுக்குள் கிடக்கும் பொருள்களின் கதை தனி. 1980இல் டிப்பரேரி மாவட்டத்தின் டெரினஃப்ளான் என்ற பழைய மடாலயத் தலத்தில், மெட்டல் டிடெக்டர் துணையுடன் வெள்ளிக் கிண்ணம் உள்ளிட்ட திருச்சபைக் கலன்கள் எடுக்கப்பட்டன. அவை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, உரிமையாளர் அறியப்படாத தொல்பொருள் அரசுக்கே சேரும் என்று 1987இல் தீர்ப்பாயிற்று. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் அதைச் சட்டமாகவே எழுதியது. இன்று தொல்பொருள் தேடி அனுமதியின்றி மெட்டல் டிடெக்டரை இயக்குவது குற்றம். இது கெடுபிடி அல்ல என்பதே என் கருத்து, ஏனெனில் கிடந்த அடுக்கிலிருந்து பிடுங்கப்பட்ட பொருள் தன் காலத்தையும் சூழலையும் சொல்லும் சான்றுகளைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது.

பட்டியலில் இல்லாதவற்றின் நிலைதான் இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை. 2018ஆம் ஆண்டின் கடும் வறட்சியில், 5,000 ஆண்டுகள் பழமையான நியூகிரேஞ்ச் கல்லறைக்கு அருகே, பயிர் வாடிய வயலில் மாபெரும் வட்டம் ஒன்று டிரோன் படத்தில் துலங்கியது. தரையில் நின்று பார்த்தவருக்கு அங்கே ஒரு மேடுகூட இல்லை. புதிய கற்காலத்தைச் சேர்ந்த அந்தச் சடங்குவெளி அதுவரை எவர் கணக்கிலும் இல்லை. இக்குறையைக் கருதியே 2023இல் நிறைவேறிய புதிய மரபுரிமைச் சட்டம், குறித்த சில வகைச் சின்னங்கள் பதிவாகாவிட்டாலும் அவற்றுக்குக் காவல் தருகிறது. அது கட்டம் கட்டமாக நடைமுறைப்படுத்தப்படுவதால், அச்சட்டத்தின்படி வரும் புதிய பதிவேடு பொறுப்பேற்கும்வரை பழைய பதிவேடே செல்லும்.

நிலம் வாங்குவோரும் வீடு கட்டுவோரும் தேசிய நினைவுச்சின்னச் சேவை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் வரைபடத்தில் முதலில் தம் நிலத்தைத் தேடிப் பார்க்கலாம். பதிவாகாத கல்லோ கரையோ கண்ணில் பட்டால், அதை அசைக்காமல் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அதே சேவைக்குத் தெரிவித்தால் போதும்.