லாக்டோன்: 'பாற்கீட்டோன்' ஏன் பிழை?

கரிம வேதியியல் பற்றிய தமிழாக்கங்களில் 'பாற்கீட்டோன்' என்ற சொல்லைப் பலமுறை கண்டுவிட்டேன். லாக்டோன் என்னும் வளைய வடிவச் சேர்ம வகையின் பெயரை இரண்டாக உடைத்து, முன்பாதியைப் பால் என்றும் பின்பாதியைக் கீட்டோன் என்றும் கொண்டு ஆக்கப்பட்ட சொல் அது. இரண்டு பாதிகளும் பிழையானவை. அவற்றுள் பின்பாதியின் பிழை பாடத்தையே கெடுப்பது.

சொல்லின் வரலாறு சிறியது. லத்தீனில் 'லாக்' என்றால் பால். 1780-இல் ஸ்வீடன் வேதியியலர் ஷீலே புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்த அமிலம் லாக்டிக் அமிலம் ஆயிற்று. அந்த அமிலத்திலிருந்து பெற்ற ஒரு பொருளுக்கு 1844-இல் பிரெஞ்சு வேதியியலர் பெலூஸ் லாக்டோன் என்று பெயரிட்டார். 1880-இல் ஜெர்மானியரான ஃபிட்டிக், ஒரே மூலக்கூறில் உள்ள அமிலத் தொகுதியும் ஹைட்ராக்சில் தொகுதியும் நீரை இழந்து தம்முள் இணைவதால் உண்டாகும் எஸ்டர்கள் (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உண்டாகும் வகைச் சேர்மங்கள்) அனைத்துக்கும் அப்பெயரை விரித்தார். பாலோடு இருந்த பொருள் தொடர்பு அத்துடன் அறுந்துவிட்டது.

வெண்ணெயின் மணத்தில் டெல்டா டெக்காலாக்டோனுக்குப் பங்கு உண்டே என்று சிலர் வாதிடலாம். உண்டுதான், ஆனால் பெயர் அங்கிருந்து வரவில்லை. நிலவேம்பில் உள்ள கசப்பான ஆண்ட்ரோகிராஃபோலைடும் ஒரு லாக்டோனே. வைட்டமின் சி-யும் லாக்டோனே. பீச் பழ மணம் தரும் காமா டெக்காலாக்டோனை ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுக்கிறார்கள்: அந்த எண்ணெயின் ரிசினோலியிக் அமிலத்தை ஈஸ்ட் தன் நொதிகளால் படிப்படியாகக் குறுக்கிப் பத்துக் கார்பன் கொண்ட ஹைட்ராக்சி அமிலமாக்க, அதன் ஹைட்ராக்சில் தன் மூலக்கூறின் அமில முனையோடேயே இணைந்து ஐந்தணு வளையமாகிறது. இதில் ஒரு துளிப் பாலும் கிடையாது. பால் சர்க்கரை ஒவ்வாத ஒருவர் ஒரு பொருளின் உட்கூறுகளில் 'பாற்கீட்டோன்' என்று படித்தால் என்ன நினைப்பார் என்பதை மொழிபெயர்ப்பாளர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

இனிக் கீட்டோன். கீட்டோனில் கார்பனைல் கார்பனின், அதாவது ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்புக் கொண்ட கார்பனின், இருபுறமும் கார்பனே இருக்கும். லாக்டோனில் ஒருபுறம் ஆக்சிஜன் இருக்கும். அந்த ஓர் அணுவே லாக்டோனை எஸ்டர் ஆக்குகிறது. 1899-இல் வேதியியலர்கள் பேயரும் வில்லிகரும் கண்ட வினையின் சாரமும் இதுதான். மெந்தோன், கற்பூரம் முதலிய வளையக் கீட்டோன்களைக் காரோ அமிலம் என்னும் வலிய ஆக்சிஜனேற்றியால் ஆக்சிஜனேற்றம் செய்தபோது, வளையத்துக்குள் ஓர் ஆக்சிஜன் அணு புகுந்து லாக்டோன் உண்டாயிற்று. இன்றும் சைக்ளோஹெக்சனோனைப் பெர்அசிட்டிக் அமிலத்தால் ஆக்சிஜனேற்றி, ஏழணு வளையம் கொண்ட காப்ரோலாக்டோனை ஆலைகளில் தயாரிக்கிறார்கள். அசினெட்டோபாக்டர் என்னும் பாக்டீரியத்தின் நொதி ஒன்று, அதே மாற்றத்தைக் காற்றில் உள்ள ஆக்சிஜனைக் கொண்டு நிகழ்த்துகிறது. ஓர் அணு வளையத்துக்குள் செல்ல, மற்றொன்று நீராகிறது. இந்த வினையைப் 'பாற்கீட்டோன்' அன்பர்களின் தமிழில் எழுதினால், கீட்டோனிலிருந்து இன்னொரு கீட்டோன் கிடைத்தது என்றே மாணவர் புரிந்துகொள்வார். எது மாறியது என்பது அவருக்குத் தெரியாமலே போகும். காப்ரோலாக்டோன் சேர்ந்த அறுவைத் தையல் இழைகள் உடலுக்குள் மெல்லக் கரைவது, அவற்றின் எஸ்டர் பிணைப்புகளை நீர் உடைப்பதால்தான். அதையும் இந்தப் பெயரைக் கொண்டு விளக்க முடியாது.

தூய தமிழ் வேண்டும் என்பவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. 'நொதி' எத்தனை நல்ல சொல்! 'என்சைம்' என்ற மூலச்சொல்லும் 'ஈஸ்ட்டுக்குள் இருப்பது' என்ற கருத்தில் பிறந்ததே. தமிழ்ச் சொல்லோ நொதித்தல் என்னும் செயலிலிருந்து பிறந்து, இன்றும் அந்தச் செயலை நினைவூட்டுகிறது. 'வினையூக்கி'யும் அப்படியே, தான் செய்யும் வேலையைத் தன் பெயரிலேயே சொல்கிறது. மூலச்சொல்லின் பிறப்பைப் பெயர்ப்பதா, அது இன்று குறிக்கும் பொருளைப் பெயர்ப்பதா என்ற தெரிவு வரும்போது, பின்னதையே கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அவ்வாறு கொண்டால் 'வளைய எஸ்டர்' என்பது உடனே பொருள் விளங்கும் சொல். அதில் ஒரு குறை உண்டு: இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகள் சேர்ந்து உண்டாகும் லாக்டைடும் வளையமான எஸ்டரே என்பதால், அதையும் இச்சொல் உள்ளடக்கிவிடும். ஒரே மூலக்கூறுக்குள் நிகழும் இணைப்பைக் குறிக்க 'அகவளைய எஸ்டர்' என்பது இன்னும் நுட்பமானது. வகையை விளக்கும்போது இதை எழுதலாம். தனிச் சேர்மங்களின் பெயர்களில் லாக்டோன் அப்படியே நிற்கட்டும். 'லாக்டோன் எஸ்டர்' என்று இரண்டையும் அடுக்குவது மட்டும் கூறியது கூறலாகும்.

இதே கவனக்குறைவு 'ஒளிச்சேர்க்கை'யிலும் தெரிகிறது. ஒளியைக் கொண்டு ஆய்வகத்தில் ஒன்றைத் தொகுத்தாலும் அதற்கு ஒளிச்சேர்க்கை என்றே எழுதிவிடுகிறார்கள். மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் ஒரு லாக்டோன். இத்தாலியின் கரேசியோவில் சனோஃபி நிறுவனம் அதை 2013-இல், உயிரி ஆக்கிய பொருளை வேதிவினைகளால் மாற்றும் பகுதித் தொகுப்பு முறையில் ஆலை அளவில் தயாரித்தது. அங்கே ஒளி செய்த வேலை, தாவரம் செய்வதிலிருந்து முற்றிலும் வேறானது. தாவரத்தின் ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் வெளிவருகிறது. இங்கே ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்க்கப்படுகிறது. 'ஒளிவேதித் தொகுப்பு' என்று எழுத யாருக்கும் தடை இல்லை.

அந்த முறையைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: மரபணு மாற்றிய ஈஸ்ட்டின் நொதிகள் சர்க்கரையிலிருந்து ஆர்ட்டிமிசினிக் அமிலத்தை ஆக்குகின்றன, ருத்தேனியம் வினையூக்கி அதில் ஹைட்ரஜனைச் சேர்க்கிறது, பின்னர் பாதரச ஆவி விளக்கின் ஒளியைப் போர்ஃபிரின் சாயம் உறிஞ்சி ஆக்சிஜனைக் கிளர்வூட்ட, அந்த ஆக்சிஜன் சேர்ந்த மூலக்கூறு அமில ஊடகத்தில் மடங்கி அகவளைய எஸ்டராகிய ஆர்ட்டிமிசினினாக மாறுகிறது.