லான்ஜெவிட்டி: நீண்ட ஆயுளா, நீடுவாழ்வா?

பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆள் வாசலில் வந்து நின்றால், ‘உங்களுக்கு நூறு ஆயுசு’ என்போம். அந்த ஆயுசைத்தான் இப்போது ஆய்வகங்கள் ‘லான்ஜெவிட்டி’ என்ற பெயரில் தேடுகின்றன. அந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இலத்தீனில் ‘லோங்குஸ்’ என்றால் நீண்ட. ‘ஐவும்’ என்றால் வயது, வாழ்காலம். இந்த இரண்டிலிருந்தும் வந்ததுதான் ஆங்கிலச் சொல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐவும் என்பதும் சமஸ்கிருத ஆயுஸும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. அந்த ஆயுஸ்தான் நம் வாயில் ஆயுள், ஆயுசு. ‘நீண்ட ஆயுள்’ என்று மொழிபெயர்த்தால், பாதிச் சொல் தன் பங்காளி வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

சரி, பொருள் பொருந்துகிறதா? அகராதிப் பொருளுக்குப் பொருந்துகிறது. பிரான்சில் 122 வயது வரை வாழ்ந்து 1997இல் இறந்த ழான் கால்மானுக்கு இருந்தது நீண்ட ஆயுள். ஆய்வாளர்கள் கேட்பது வேறு. 1993இல் அமெரிக்க உயிரியலாளர் சிந்தியா கென்யானின் குழு ஒரு வகை நுண்புழுவில் ஒரே ஒரு மரபணு மாறினால் அதன் வாழ்நாள் இருமடங்காகிறது என்று காட்டியது. மற்ற புழுக்கள் தளர்ந்து கிடக்கும் வயதிலும் அவை சுறுசுறுப்பாக நெளிந்துகொண்டிருந்தன என்பதுதான் முக்கியம். புற்றுநோய், மாரடைப்பு, மறதிநோய் எல்லாமே வயது ஏற ஏறப் பெருகுபவை. ஒவ்வொன்றோடும் தனித்தனியாக மல்லுக்கட்டுவதைவிட மூப்பையே ஆராயலாமே என்பது அவர்கள் வாதம். இத்துறைக்கு முன்னுரிமை கேட்பதும் இதனால்தான். படுக்கையில் கழியும் பத்து ஆண்டுகள் அவர்கள் கணக்கில் வெற்றி ஆகாது.

பக்கத்துச் சொற்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கிரேக்கத்தில் ‘ஜெரோன்’ என்றால் கிழவர். அதிலிருந்து 1903இல் உயிரியலாளர் மெச்னிகோவ் உருவாக்கிய ஜெரன்டாலஜி, நமக்கு முதுமையியல். 1909இல் மருத்துவர் நாஷர் வைத்த பெயர் ஜெரியாட்ரிக்ஸ்; அது முதியோர் மருத்துவம்.

லான்ஜெவிட்டிக்கு என் தேர்வு ‘நீடுவாழ்வு’. குறளில் ‘நிலமிசை நீடுவாழ் வார்’ என்று வருகிறது. பரிமேலழகர் அதை வீட்டுலக வாழ்வாகக் கொண்டார் என்பது உண்மைதான். ஆனாலும் சொல் கைக்கு அடக்கமாக இருக்கிறது. ‘நீண்ட ஆயுள்’ ஆண்டுகளை எண்ணுகிறது, ‘நீடுவாழ்வு’ வாழ்வதைச் சொல்கிறது. நீடுவாழ்வு ஆய்வு, நீடுவாழ்வு மருந்து என்று அடுத்தடுத்த சொற்களும் தடையில்லாமல் வரும். நோயில்லாமல் வாழும் காலத்தை மட்டும் குறிக்க ‘நலவாழ்நாள்’ போதும்.

காயகற்பம் என்ற பழைய சொல் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நரை, திரை, மூப்பு வராமல் காக்கும் என்று சித்த மருத்துவம் சொல்லும் மருந்துமுறையின் பெயர் அது. கேள்வி கேட்கும் ஆய்வுக்குப் பதிலின் பெயரை வைக்க முடியாது. பத்திரிகைத் தலைப்புகளில் வரும் ‘சாகாவரம்’ இன்னும் மோசம். அந்தப் புழுக்களும் கடைசியில் செத்துத்தான் போயின.