இடர்க்காரணி: ‘ஆபத்தான காரணி’ இல்லை

பிரஷர் பற்றிய எந்தத் துண்டறிக்கையை எடுத்தாலும் ‘ஆபத்தான காரணிகள்’ என்று ஒரு தலைப்பு. அதன் கீழே வயது, பரம்பரை, உப்பு, உடல்பருமன். அறுபது வயதாவதில் என்ன ஆபத்து? அம்மாவுக்குப் பிரஷர் இருந்தால் அம்மா ஆபத்தானவரா?

மூலச்சொல் ஆங்கிலத்தின் ‘ரிஸ்க் ஃபேக்டர்’. அதற்கு ‘இடர்க்காரணி’ என்பதே பொருந்தும். ஃபேக்டர் லத்தீன் வழி வந்தது. செய்வது என்று பொருள். 1948இல் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் தொடங்கிய இதய ஆய்வின் 1961ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பிறகே இந்தச் சொல் மருத்துவத்தில் பரவலானது. நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவது, அவ்வளவுதான்.

தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் ஆபத்து என்போம். உடனே கரையேற வேண்டும். பிரஷர் அளக்கையில் மேல் எண் 138 காட்டுகிறவருக்குத் தலைசுற்றல்கூட இருக்காது. ‘நமக்கென்ன ஆபத்து’ என்று எழுந்து போய்விடுவார். ‘காரணம்’ என்று சுருக்குகிறவர்கள் இன்னும் மோசம். உப்புதான் காரணம் என்று எழுதினால், ‘எங்க தாத்தா தெனமும் கருவாடு தின்னுட்டு தொண்ணூறு வயசு இருந்தாரே அண்ணாச்சி’ என்று ஒருவர் கேட்பார். அந்த ஒரு தாத்தாவால் ‘காரணம்’ உடைந்துவிடும், ‘காரணி’ உடையாது.

காரணிக்குப் பதில், காரணம் என்றே பொருள்படும் ‘ஏது’வைப் போட்டால் ‘இடரேது’ ஆகும். இடர் ஏது, ஒன்றுமில்லை என்றல்லவா காதில் விழும்! தெளிவு முக்கியம். தவிர, பள்ளிக் கணக்கில் 3, 4 இரண்டும் 12இன் காரணிகள். கூட்டினால் 7தான், பெருக்கினால் 12. பிரஷரிலும் காரணிகள் ஒன்றையொன்று பெருக்கும். உப்பு நீரைப் பிடித்துவைத்து இரத்தத்தின் அளவைக் கூட்டும். இளவயதில் சிறுநீரகம் உபரியை வெளியேற்றிவிடும். வயதேற ஏறத் தமனி என்னும் இரத்தக் குழாயின் சுவர் விறைக்கும். தொப்பை போட்டால் நரம்புத் தூண்டல் கூடி, சிறுநீரகம் உப்பை விடாமல் பிடிக்கும். அப்போது அதே உப்பு பிரஷரை முன்னைவிட அதிகமாக ஏற்றும். முக்கூடல் பக்கம் பொழுதன்றைக்கும் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்ணுக்கு அசையாத வேலை, மதியம் ஊறுகாய், தாய்வழிப் பிரஷர் மூன்றும் தனித்தனியே சின்ன விஷயம்தான். சேர்ந்தால் அப்படியில்லை.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. நாலு பேர் வீட்டில் மாதம் ஒரு கிலோ பாக்கெட் காலியானால் தலைக்கு 8 கிராம் தாண்டுகிறது. கஞ்சியில் வடிந்துபோனதைக் கழித்தாலும், கருவாடும் மோர் மிளகாயும் அந்தக் கணக்கில் இல்லை.

‘இரத்தக் கொதிப்பு’ என்ற பெயரும் தொல்லைதான். கொதிப்பு என்றால் குளிர்ச்சி தேடத்தானே செய்வார்கள்? மோர் குடிக்கிறார்கள், அதில் உப்பை அள்ளிப் போட்டு.