குக்கர் வெயிட் ஏன் இவ்வளவு சின்னது?

பிரஷர் குக்கரின் வெயிட் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கொதிக்கும் ஆவியை அதுதான் அடக்கி வைக்கிறது. அதே ஆவி மூடியைத் தள்ளும் விசையோ 300 கிலோவைத் தாண்டும்!

இரண்டு இடத்திலும் அழுத்தம் ஒன்றுதான், பரப்புதான் வேறு. விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது அழுத்தம். வீட்டுக் குக்கரில் அது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. (விசையை நியூட்டனில் சொல்வதுதான் முறை. இங்கே 1 கிலோ என்றால் 1 கிலோ எடையின் பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

வெயிட் உட்காரும் துளையின் விட்டம் 3 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதன் பரப்பு 0.07 சதுர சென்டிமீட்டர்தான். ஆகவே ஆவி அங்கே மேல்நோக்கித் தள்ளுவது வெறும் 70 கிராம் விசையோடு. 70 கிராம் வெயிட் போதும். துளையின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும். வெயிட்டும் 280 கிராம் வேண்டும். ஒரு குக்கரின் வெயிட்டை வேறொரு மாடலுக்குப் போடக் கூடாது என்பது இதனால்தான். துளைக்குத் தேவையானதைவிடக் கனமான வெயிட் உட்கார்ந்தால், உள்ளே அழுத்தம் அளவு மீறி ஏறிய பிறகுதான் அது எழும்பும்.

விசில் அடிப்பதிலும் பரப்பின் வேலை இருக்கிறது. வெயிட் லேசாக எழும்பியதும், துளையிலிருந்து வரும் ஆவி வெயிட்டின் அகலமான அடிப்பாகம் முழுக்கப் பரவுகிறது. தள்ளும் பரப்பு சட்டென்று கூடுவதால் வெயிட் துள்ளி எழுகிறது. ஆவி வெளியேறி அழுத்தம் இறங்கிய பிறகே மறுபடி உட்காரும். 'உஸ்ஸ்' என்று கொஞ்ச நேரம் நீடித்துவிட்டு அடங்குவது அதனால்தான்.

சரி, மூடிக்கு வருவோம். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாய்க்குப் பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர். விசை 314 கிலோ, அதாவது ஐந்து பேரின் எடை. மூடி உள்பக்கமாகப் பொருந்தும் குக்கரில் இந்த விசையே மூடியை விளிம்போடு இறுக்கிப் பிடித்துவிடும். ஆவி இறங்காமல் திறக்கவே முடியாது. வெளிமூடி வகையில் மொத்தப் பாரத்தையும் விளிம்பில் உள்ள கொக்கிகள் தாங்குகின்றன. அதை மல்லுக்கட்டித் திருப்பித் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தப் பாத்திரத்தின் முன்னோடியை 1679இல் லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டியவர் பிரான்ஸ் நாட்டின் டெனிஸ் பாப்பின். கெட்டி எலும்பையும் மெத்தென்று வேகவைக்கும் கருவி அது. வெடிக்கும் ஆபத்தைத் தவிர்க்க அவர் செய்த ஏற்பாடும் சின்னத் துளையின் மேல் ஓர் அடைப்பு, அதை அழுத்த நெம்புகோலில் தொங்கும் எடை என்பதுதான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெயிட் தருவது கூடுதல் அழுத்தம் மட்டுமே. மீதி வெளிக்காற்றின் பங்கு. கடல்மட்டத்தில் இரண்டும் சேர்ந்து தண்ணீரின் கொதிநிலையை 120 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்துகின்றன. 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அங்கே அதே வெயிட் போட்ட குக்கர் 116 டிகிரி வாக்கில் நின்றுவிடுவதால், பருப்புக்கு இன்னும் கொஞ்ச நேரம் கொடுக்க வேண்டியிருக்கும்.