ஹோமியோஸ்டாசிஸ்: ‘சமநிலை’ என்று சொன்னால் போதுமா?

வெளியே என்ன மாறினாலும் உடல் தன் உள்நிலையை ஓர் எல்லைக்குள் காத்துக்கொள்வதைக் குறிக்கும் ஹோமியோஸ்டாசிஸ் என்ற சொல் வரும் இடத்தில் தமிழ்நாட்டில் பெரும்பாலும் ‘உடல் சமநிலை’ என்று எழுதிவிடுகிறோம். இலங்கையில் உயிரியல் படித்தவர்கள் ‘ஒருசீர்த்திடநிலை’ என்பார்கள். முன்னது எளிய சொல்தான், ஆனால் பொருளைத் தலைகீழாக்கிவிடுகிறது. பின்னது பொருளுக்குப் பக்கத்தில் வருகிறது, வாயில் நுழையத்தான் சிரமம். எது சரி என்று பார்க்குமுன், இந்தச் சொல் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சொல்லுக்கு முன்பே கருத்து பிறந்துவிட்டது. நம் உடலின் உயிரணுக்கள் வெளிக்காற்றில் வாழவில்லை. ரத்தமும் திசுக்களைச் சூழ்ந்த நீர்மமும்தான் அவற்றுக்கு உலகம். பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட் இதை ‘அகச்சூழல்’ என்ற பொருளில் அழைத்தார். 1878இல், அவர் இறந்த ஆண்டில் வெளிவந்த விரிவுரைகளில், அகச்சூழல் நிலைபெற்றிருப்பதே சுதந்திரமான வாழ்வுக்கு நிபந்தனை என்கிறார். இங்கே ‘சுதந்திரம்’ என்பது வெறும் அலங்காரச் சொல் அல்ல. கடுங்குளிர் வந்தால் தவளை ஒடுங்கிக் கிடக்கிறது. நாய் ஓடித் திரிகிறது. தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் விலங்கு, பருவத்தின் தயவில் வாழ வேண்டியதில்லை.

இந்தக் கருத்துக்குப் பெயர் சூட்டியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன். 1926இல் சொல்லை முன்வைத்து, 1929இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் அதை விரித்துரைத்தார். ‘ஹோமோயோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘ஒத்த’ என்று பொருள். ஹோமியோபதியின் முன்பாதியும் இதுவே. ‘ஸ்டாசிஸ்’ என்றால் நிற்றல். ஸ்திரம், ஸ்தானம் என்று நாம் வழங்கும் வடசொற்களின் வேரும் அதன் வேரும் ஒன்றே.

கேனன் இதில் மிகக் கவனமாக இருந்தார். ‘அதே’ என்று பொருள்படும் ‘ஹோமோ’வை ஒதுக்கிவிட்டு, ‘ஏறத்தாழ அதே போன்ற’ என்ற பொருளுள்ள ‘ஹோமியோ’வைத் தேர்ந்தார். அசையாமல் உறைந்து நிற்பதைத் தாம் சொல்லவில்லை, மாறக்கூடியதாயினும் ஓர் எல்லைக்குள் நிலைபெறும் நிலையையே சொல்வதாகவும் விளக்கினார். நம் ரத்தத்தின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையில் ஊசலாடுகிறது. அந்த இடைவெளி குறுகியது, ஆனாலும் இடைவெளிதான்.

ஒட்டகத்தைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும்போது அதன் உடல் வெப்பம் நாள் முழுதும் இரண்டு டிகிரி அளவே ஏறியிறங்கும். கோடையில் தண்ணீர் இல்லாமல் நடக்கும்போதோ விடியற்காலையில் 34 டிகிரி செல்சியசுக்கு இறங்கி, பிற்பகலில் 40ஐத் தாண்டும். ஒழுங்கு கெட்டுப்போனதாக நினைத்துவிடக் கூடாது. வியர்த்துத் தண்ணீரை இழப்பதற்குப் பதிலாகப் பகல் வெப்பத்தை உடம்பிலேயே சேமித்து, இரவுக் குளிரில் விட்டுவிடுகிறது. ஒன்றைக் காப்பதற்காக இன்னொன்றின் எல்லையைத் தளர்த்துகிறது. ‘மாறா நிலை’ என்ற மொழிபெயர்ப்பு இந்த ஒட்டகத்தின் முன்னால் நிற்காது.

இனி ‘சமநிலை’க்கு வருவோம். பள்ளியில் இந்தச் சொல்லைப் படித்தபோது என் மனதில் வந்து நின்றது தராசு. இரண்டு தட்டும் சமமானால் தராசு ஓய்ந்துவிடும். இயற்பியலிலும் வேதியியலிலும் சமநிலை என்பது ஏறத்தாழ இதுதான். சூடான காப்பியை மேசையில் வைத்தால் அது ஆறி அறையின் வெப்பத்தோடு சமநிலை அடைகிறது. அதற்கு யாரும் பாடுபட வேண்டியதில்லை. உயிருள்ள உடம்பு செய்வது இதற்கு நேர் எதிர். சூழலோடு சமமாகிவிடாமல் இருக்கத்தான் அது ஓயாமல் உழைக்கிறது. உயிர் போன உடம்பு ‘சில்லிட்டுப் போச்சு’ என்கிறோமே, அதுதான் வெப்பச் சமநிலை. சாவைக் குறிக்கப் பொருந்தும் சொல்லை வாழ்வின் அடிப்படை வேலைக்குச் சூட்டுவது எனக்கு உறுத்துகிறது.

உழைப்பு என்று சும்மா சொல்லவில்லை. நம் சிறுநீரகங்கள் இரண்டும் ஒரு நாளில் ரத்தத்திலிருந்து ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிக்கின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகிறது. மற்றதெல்லாம் தேவை பார்த்துத் திரும்ப உறிஞ்சப்படுகிறது. சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமையின் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்து, அது வலியில் அழுவதாகப் பலர் நினைக்கிறார்கள். கடலில் வாழ்வதால் உடம்பில் சேர்ந்த மிகை உப்பை, கண்ணருகே உள்ள சுரப்பி வெளியேற்றுகிறது. அதுவும் இதே வேலைதான்.

கேனன் சில பூனைகளின் பரிவு நரம்புத் தொடரை, அதாவது நம் விருப்பமின்றியே ரத்தக் குழாய், ரோமம் போன்றவற்றை இயக்கும் நரம்புகளை, அறுவை செய்து நீக்கிப் பார்த்தார். இதமான ஆய்வகத்தில் அவை நன்றாகவே வாழ்ந்தன. குளிரில் விட்டபோது ரோமத்தைச் சிலிர்க்கவும் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கவும் முடியாமல், உடல் வெப்பத்தைக் காக்கத் திணறின. வெளியே தொல்லை இல்லாதவரை இந்த வேலை கண்ணில் படுவதே இல்லை.

ஆகவே தமிழ்ச் சொல்லில் மூன்று கூறுகள் வேண்டும்: உள்ளே என்பது, எல்லைக்குள் இருக்கும் ஒழுங்கு என்பது, விடாமல் செய்யும் செயல் என்பது. ‘ஒருசீர்த்திடநிலை’யில் ‘சீர்’ அருமையான தேர்வு. ‘மூச்சு சீரா வருது’ என்றால், ஒவ்வொரு மூச்சும் அளந்து வைத்தது போல் இருப்பதாக நாம் பொருள்கொள்வதில்லை. ‘திடநிலை’தான் இடறுகிறது, தமிழ்நாட்டு மாணவருக்கு அது பனிக்கட்டியின் நிலை. ‘நிலை’ என்று முடிவதால் செயலும் மறைந்துவிடுகிறது.

நான் ‘அகச்சீர் பேணல்’ என்பேன். பெர்னார்டின் அகமும், ஈழத்துச் சீரும், குழந்தையைப் பேணுவது போல ஒரு நாளும் விடுப்பில்லாத ‘பேணு’ என்ற வினையும் அதில் சேர்ந்துவிடுகின்றன. கிளைச்சொற்களும் இயல்பாக வருகின்றன: அகச்சீர் பேணும் உறுப்புகள், அகச்சீர் குலைவு. ‘சீர்குலைவு’ ஏற்கெனவே நம் வாயில் புழங்கும் சொல் அல்லவா?

குலைவு என்ற சொல்லை எங்கே போடுவது என்பதிலும் கவனம் வேண்டும். சாதாரணக் காய்ச்சல் அகச்சீர் குலைவு அல்ல. தொற்றை எதிர்க்க மூளையின் ஹைப்போதலாமஸ் வெப்ப இலக்கையே 39 டிகிரிக்கு உயர்த்திவிடுகிறது. அப்போது 37 டிகிரியில் இருக்கும் உடம்பு குளிரில் இருப்பதாக உணர்ந்து, இரண்டு போர்வை போர்த்தினாலும் நடுங்குகிறது. இலக்கு இறங்கியதும் வியர்த்துக் கொட்டுகிறது. ‘காய்ச்சல் விட்டுடுச்சு’ என்கிறோம். பேணுதல் முழுவதும் நடந்துகொண்டேதான் இருந்தது, இலக்குதான் மாறியது. கத்திரி வெயிலில் வேலை செய்து, உடம்பு கொதித்து, நினைவு தப்பி விழுபவருக்கு நேர்வது வேறு. அவருடைய இலக்கு 37லேயே நிற்கிறது. உடம்பால் அதைக் காக்க முடியவில்லை. இலக்கை இறக்கும் பாராசிட்டமால் அவருக்கு உதவாது. நிழலுக்குத் தூக்கிவந்து, தண்ணீர் ஊற்றி, விசிறி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அகச்சீர் குலைவு என்பது அதற்குரிய பெயர்.