ஹாலோவீன் கைவினை முடிந்த பிறகு மேசையில் மிஞ்சுபவை

டொராண்டோவில் ஒரு தொடக்கப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாக அறிவியல் கற்பித்து வருகிறேன். அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், 31ஆம் தேதி ஹாலோவீனுக்கு வீட்டில் பிள்ளைகளோடு என்ன செய்யலாம், அதில் கொஞ்சம் அறிவியலும் இருக்க வேண்டுமே என்று பெற்றோர் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். செய்வதற்கு நிறைய இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட விரும்புகிறேன். பிள்ளைகள் கைவினை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் பெரியவர்கள் பக்கத்திலேயே இருப்பதால் விபரீதம் நடப்பதை நான் அதிகம் கண்டதில்லை. எல்லாம் முடிந்து, படம் எடுத்து, பேய் வேடம் போட்டுக்கொண்டு மிட்டாய் வாங்கத் தெருவில் இறங்கிய பிறகு, அந்த மேசையில் மிஞ்சிக் கிடக்கும் பொருள்கள்தான் எனக்குக் கவலை தருபவை. அவை பெரும்பாலும் வீட்டிலிருக்கும் தம்பி தங்கைகளின் கைக்குத்தான் போகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒளிரும் கண்களுடைய பரங்கிக்காய் அட்டை செய்யக் கற்றுக்கொடுத்தேன். காகிதத்தில் செப்பு நாடா ஒட்டி, அதில் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கையும் ஒரு பொத்தான் பேட்டரியையும் வைத்தால் மின்சுற்று முழுமையாகும். இருபத்து நான்கு பேட்டரிகள் கொடுத்தேன், திரும்பி வந்தவை இருபத்து மூன்று. மேசைக்கு அடியிலும், குப்பைத் தொட்டியிலும், பிள்ளைகளின் மதிய உணவுப் பைகளிலும் அரை மணி நேரம் தேடினோம். கடைசியில் ஒரு பையனின் குளிர்கோட்டுப் பையில், டிஷ்யூ காகிதத்தில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தது கிடைத்தது. ஏனப்பா எடுத்தாய் என்று கேட்டேன். இரண்டு வயதுத் தங்கைக்கு வெள்ளிக்காசு என்று கொடுப்பதற்காம். அவனைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. கொடுக்கும்போது எண்ணிய நான், வகுப்பு முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பாகவே திரும்ப எண்ணியிருக்க வேண்டும். அன்று முதல் இரண்டு முட்டை அட்டைகளை மேசையில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு குழியிலும் ஒரு பேட்டரி இருக்கும், குழி காலியாக இருந்தால் யாரும் வகுப்பை விட்டு எழுந்திருப்பதில்லை.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று கேட்பவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கைவினைகளில் அதிகம் பயன்படுவது சி.ஆர். 2032 என்ற வகை. அந்த எண்ணிலேயே அதன் அளவு இருக்கிறது, 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்வதற்கு அது மிகச் சரியான அளவு. சிக்கிய இடத்தில் ஈரமான திசு வழியாக மின்சாரம் பாய்ந்து, எதிர்மின்முனைப் பக்கத்தில் கடுமையான காரம் (அல்கலி) உருவாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கிவிடும். விளக்கு எரியாத அளவுக்குத் தீர்ந்துபோன பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்னழுத்தம் இருக்கும். விழுங்கியதை யாரும் பார்த்திராவிட்டால், எச்சில் வடிவது, சாப்பிட மறுப்பது, இருமுவது என்று அறிகுறிகள் சாதாரணச் சளிக்காய்ச்சலைப் போலவே தோன்றும். சந்தேகம் வந்த உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஒரு வயது நிறைந்த குழந்தை, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் ஆகவில்லை, தேன் கையருகே இருக்கிறது என்றால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி வீதம், ஆறு முறை வரை கொடுக்கலாம் என்பது மருத்துவ வழிகாட்டுதல். தேன் தேடிக்கொண்டு நேரத்தைப் போக்கக் கூடாது. கனடாவில், கியூபெக் நீங்கலாக, 1-844-764-7669 என்ற விஷத் தகவல் எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

அமெரிக்காவில் 2022இல் வந்த ரீஸ் சட்டம், பொத்தான் பேட்டரி உள்ள நுகர்பொருள்களில் அதன் மூடியைக் குழந்தை எளிதில் திறக்க முடியாதபடி அமைக்க வேண்டும் என்கிறது. காகிதத்தில் நாம் செலோடேப் போட்டு ஒட்டும் பேட்டரிக்கு அப்படி எந்த மூடியும் கிடையாது. ஆகவே, வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே யாராவது இருந்தால், பிடிப்பானில் பொருத்திய இரண்டு ஏ.ஏ. பேட்டரிகளையும் ஒரு 100 ஓம் மின்தடையையும் வைத்துச் சிவப்பு அல்லது மஞ்சள் எல்.இ.டி.யை எரியவிடுங்கள். மின்தடை எதற்கு என்று பிள்ளை கேட்கும், அந்தக் கேள்விக்காகவே இதைச் செய்யலாம்.

அடுத்தது உலர்பனி, அதாவது உறையவைத்த கார்பன் டைஆக்சைடு. கறுப்புச் சட்டியிலிருந்து வெண்புகை வழிவது பார்க்க மிக அழகாகத்தான் இருக்கும். அந்தப் புகை கார்பன் டைஆக்சைடு என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்த வாயு கண்ணுக்குத் தெரியாது, நாம் பார்ப்பது குளிர்ந்து துளிகளான நீராவி. உலர்பனி −78.5 டிகிரி செல்சியஸில் இருப்பதால் வெறும் விரலால் தொட்டால் தோல் வெந்துபோனது போலாகிவிடும். ஒரு கிலோ உலர்பனி ஐந்நூறு லிட்டருக்கும் மேற்பட்ட வாயுவாக விரியும் என்பதால் மூடிய பாட்டிலிலோ இறுக்கமான டப்பாவிலோ போட்டால் வெடிக்கும். சன்னல் சாத்திய காரில் கொண்டுவருவதும் ஆபத்து. குடிக்கும் பானத்தில் போடவே கூடாது. பெரியவர் கனத்த கையுறையோடு செய்துகாட்டலாம், பிள்ளைகள் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். மிஞ்சியதைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாமல், தெர்மோகோல் பெட்டியில் மூடியைத் தளர்வாக வைத்து, எட்டாத உயரத்தில், காற்றோட்டமான வெளியிடத்தில் விட்டால் தானாகவே மறைந்துவிடும்.

போராக்ஸ் என்ற போரிக் அமில உப்பைச் சேர்த்துச் செய்யும் பச்சைப் பேய்ச்சளி (ஸ்லைம்) வேண்டாம் என்று சொல்லும்போதுதான் பிள்ளைகளின் முகம் வாடும். போரிக் அமிலம் கலந்த கைவினைகளையும் ஸ்லைமையும் தவிர்க்கும்படி கனடா சுகாதாரத் துறை 2016இலேயே அறிவுறுத்திவிட்டது. கான்டாக்ட் லென்ஸ் கரைசலைப் பயன்படுத்தும் செய்முறைகளிலும் பெரும்பாலும் அதே போரிக் அமிலம்தான் இருக்கிறது. அதற்குப் பதில் இரண்டு பங்கு சோளமாவில் (கார்ன்ஸ்டார்ச்) ஒரு பங்கு தண்ணீரும் இரண்டு சொட்டுப் பச்சை நிறமும் கலந்து கொடுங்கள். குத்தினால் கல்லாக இறுகும், விரலைத் தளர்த்தினால் கூழாக ஒழுகும். இதை நாள் முழுக்கப் பிசைந்தாலும் அலுக்காது. மிஞ்சியதை வடிகாலில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும், குப்பையில்தான் போட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது மஞ்சள் கடிதம். கால் கோப்பை மருந்துக்கடை ஆல்கஹாலில் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளைப் பெரியவர் கலந்து, அருகில் மெழுகுவர்த்தியோ அடுப்போ எரியாதபடி பார்த்துக்கொண்டு, வெள்ளைத் தாளில் தூரிகையால் பூசி நன்றாக உலரவிட வேண்டும். அரைக் கோப்பை தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். பஞ்சுக்குச்சியை அதில் தோய்த்து எழுத எழுத, மஞ்சள் தாளில் ரத்தச் சிவப்பாக எழுத்துகள் எழும்பி வரும். அதன் மேல் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வைத்தால் மீண்டும் மஞ்சளாகிவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவந்து, அமிலத்தில் பழைய நிறத்துக்குத் திரும்புகிறது. என் வகுப்பில் ஒரு தமிழ்ப் பெண் குழந்தை இதைப் பார்த்துவிட்டு, "மிஸ், இது பாட்டி ஆரத்தி எடுக்கிற தண்ணி மாதிரியே இருக்கு" என்றாள். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் அதே வேதிவினைதான் என்று சொன்னதும், மற்ற பிள்ளைகளுக்கு ஆரத்தி என்றால் என்ன என்று அவளே எழுந்து நின்று விளக்கினாள். அந்தப் பத்து நிமிடத்தில் நான் எதுவும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஆல்கஹால் பாட்டிலை மட்டும் உடனே மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

பரங்கிக்காயைக் குடைந்து, உள்ளே சமையல் சோடாவைப் போட்டு வினிகரை ஊற்றினால், வாயிலும் மூக்கிலும் நுரை பொங்கி வழியும். இதற்குத் தனியாக எச்சரிக்கை எதுவும் தேவையில்லை, பரங்கிக்காயின் மூடியை மேலே அழுத்தி மூடாமல் இருந்தால் போதும். தலைமுடியில் தேய்த்த பலூனைக் காட்டி டிஷ்யூ காகிதப் பேய்களை எழும்பி ஆடச் செய்வதும் எளிது. அக்டோபர் கடைசியில் வீடுகளில் வெப்பமூட்டி ஓடி உள்காற்று வறண்டிருப்பதால் இங்கே அது பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் பலூன் உடைந்தால் அதன் துண்டுகள் ஒன்றுவிடாமல் பொறுக்கியாக வேண்டும். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு உடைந்த பலூனும் ஊதாத பலூனும் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை.

தெருவில் கொண்டுபோகும் ஒளிர்குச்சிகளை யாரும் வெட்டிப் பார்க்க வேண்டாம், உள்ளே கண்ணாடிக் குழாயும் தோலையும் கண்ணையும் எரிச்சலூட்டும் திரவங்களும் இருக்கின்றன. வெட்டாமலே அவற்றில் நல்ல பரிசோதனை ஒன்று உண்டு. ஒன்றை வெதுவெதுப்பான தண்ணீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டித் தண்ணீரிலும் வைத்தால், சூட்டில் இருப்பது பளீரென்று ஒளிர்ந்து விரைவில் தீர்ந்துபோகும், குளிரில் இருப்பது மங்கலாக நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். தெருவிலிருந்து திரும்பியதும் ஒன்றை ஜிப் பையில் போட்டு உறைபெட்டியின் மேல்தட்டில் வைத்துவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் பிள்ளையைத் தூக்கிக் காட்டும்போது அது அணைந்துவிட்டதைப் போலத்தான் தெரியும். வெளியே எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவில் பொத்திப் பிடித்திருந்தால், விரலிடுக்கு வழியாக மெல்ல வெளிச்சம் வரும்.