காலம் மலையேறினால் எங்கே போகும்?

நீலகிரி மலையில் இருக்கும் கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். வீட்டில், அங்குள்ள படுகர்கள் பேசும் படுகு மொழி. ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்குத் தமிழ்ச் சொற்கள் எல்லாம் தெரியும், ஆனால் கவிதை மட்டும் பிடிபடவில்லை. கடைசியாக 'அந்தக் காலம் மலையேறிவிட்டது' என்ற வரியில் நின்றுவிட்டாளாம். ஏன்?

படுகுக்கும் தமிழுக்கும் நெருங்கிய உறவு. நம் பால், அங்கே ஹாலு. ஆக, சொல் பஞ்சம் காரணமில்லை.

தாய்மொழியில் வாசிக்கும்போது மூளை கண்ணுக்கு முன்னால் ஓடி, வரப்போகும் சொல்லுக்கு இடம் போட்டு வைக்கிறது. 1980இல் மூளை ஆய்வாளர்கள் மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் தலையில் மின்முனைகள் பொருத்தியவர்களுக்கு ஆங்கில வாக்கியங்களை ஒவ்வொரு சொல்லாகக் காட்டினார்கள். சூடான ரொட்டியில் அவன் தடவியது... வெண்ணெய் வரவேண்டிய இடத்தில் 'சாக்ஸ்' வந்தது! அந்தச் சொல் தெரிந்து சுமார் 400 மில்லிசெகண்டில் மூளையின் மின் அலை எதிர்மின் பக்கமாக ஒரு துள்ளு துள்ளியது. கண் சிமிட்டும் நேரம்தான். கவிஞர்கள் காலங்காலமாகக் கைவைப்பது இந்தத் துள்ளலில்தான் என்பது என் எண்ணம். பின்னால் கற்ற மொழியில் இது பெரும்பாலும் தாமதமாக, மெலிதாக வருகிறது. போட்டு வைத்த இடமே இல்லையென்றால் ஏமாற்றம் எங்கிருந்து வரும்?

சரி, இழப்பு மட்டும்தானா? ஆங்கிலம் கற்ற போலந்துக்காரர்களிடம் அன்னா சியெஸ்லிட்ஸ்கா செய்த ஆய்வு 2006இல் வந்தது. மரபுத்தொடரின் பொருள் தெரிந்தவர்களுக்கும் நேர்ப்பொருள்தான் முந்திக்கொண்டு எழுந்தது. நமக்குத் தேய்ந்துபோன தொடர், அவர்களுக்கு இன்னும் படமாகத் தெரிகிறது. 'மலையேறிவிட்டது' என்றால் சாமி மலையேறுவதுபோலப் போய்விட்டது, அவ்வளவுதான் எனக்கு. கோயம்புத்தூரில் வளர்ந்த நான் அதற்குள் ஒரு மலை இருப்பதையே இந்தக் கடிதத்தில்தான் கவனித்தேன்.

'வீட்டிலும் தமிழே பேசுங்கள், இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ராகுகால நம்பிக்கைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. படுகர், தோடர், கோத்தர், இருளர், குறும்பர் எனப் பல மொழிக்காரர்கள் ஒரே மாவட்டத்தில் இருக்கிறார்கள். மின்முனைத் தொப்பியோடு ஓர் ஆய்வுக்குழுவை ஊட்டிக்கு அனுப்ப அரசு கொஞ்சம் பணம் ஒதுக்கினால் என்ன?

மகள் கேட்டதையும் அந்த அம்மா எழுதியிருந்தார்: "காலம் குஞ்சப்பனை வழியா ஏறி நம்ம ஊருக்குத்தானே வந்திருக்கு? அப்புறம் எதுக்கு இந்தக் கவிஞர் அழறார்?"